இடது பக்கம் இரண்டு

ஒருவருடைய கிட்னிக்கு எத்தனை ரத்தக்குழாய் போகிறது என்று இரும்புலியூரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. எந்தக் கம்பெனியில் வேலை, வாடகையா சொந்த வீடா, போர் தண்ணீர் உப்பா நல்லதா என்பதெல்லாம் கேட்பார்கள். உப்பு என்றால் உச்சுக் கொட்டுவார்கள். உள்ளே ஓடுகிற குழாயைப் பற்றிய பேச்சே கிடையாது. சந்திரிகாவுக்கு மட்டும் அந்தச் சங்கதி கொஞ்சம் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எட்டு வருஷமாக ரிப்போர்ட் அடிப்பதுதான் அவள் வேலை.

அங்கே படம் பார்த்துச் சொல்கிறவர் டாக்டர் ராஜகோபாலன். கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு நாற்காலி சூடாகிற அளவுக்கு எங்கேயும் உட்கார நேரம் கிடையாது. காலையில் இங்கே, மத்தியானம் வேறொரு ஆஸ்பத்திரி, சாயந்தரம் சேலையூரில் சொந்தக் கிளினிக். படங்களைப் பார்த்தபடியே சின்ன டேப் ரெக்கார்டரில் பேசி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பேசுவதிலும் சிக்கனம். ஒழுங்காக இருக்கிற பாகத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "நார்மல் ஃபைல் போட்டுக்கோம்மா, லிவரை மட்டும் மாத்து" என்பார். பிறகு லிவரைப் பற்றி நாலு வரி வரும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சந்திரிகாவின் கம்ப்யூட்டரில் ஒரு நார்மல் ஃபைல் உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையிலிருந்து கால் வரை சொல்கிற ரிப்போர்ட். அதைத் திறந்து, வந்தவரின் பேரையும் வயதையும் போட்டு, அந்தப் பேரிலேயே சேவ் செய்துகொண்டு, அதற்கப்புறம் டாக்டர் சொன்ன வரிகளை மாற்ற வேண்டும். தாம்பரத்தில் பாதிப் பேருடைய வயிறு ஒரே வாசகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் அதைக் குறை சொன்னதில்லை. சொல்லவும் இடமில்லை, பாதிப் பேருடைய வயிறு அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. அந்த ஆகஸ்டில் சந்திரிகாவின் புருஷன் ஹரிபிரசாத் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைப் பூட்டியது. அன்றிலிருந்து வீட்டுச் சமையல் அவன் கைக்குப் போனது. வத்தக்குழம்பு நன்றாகவே வைப்பான். மற்றபடி நேரம் போகாமல் பேப்பரில் வரிவிளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பான். ஏழாவது படிக்கிற மகள், வாடகை, அரிசி எல்லாம் சந்திரிகாவின் பத்து விரல் தட்டுவதில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷன் சௌகத் அலியுடையது. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் அவருக்குக் குஷன் கடை. ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், டெம்போ எதுவானாலும் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம்தான் போடுவார்கள். பஞ்சை வெட்டி, ரெக்ஸின் இழுத்து, சுருக்கமில்லாமல் ஆணி அடிப்பதில் அவர் கை சுத்தம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முகம் வீங்கியது. பிரஷர் என்றார்கள், வாயு என்றார்கள், கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். தொண்டை வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்சாதி ஹஃபீசா காய்கறியை இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் சமைப்பாள். அதையே தானும் தின்பாள். மீந்த நேரத்தில் கடையில் மெஷின் மேல் உட்கார்ந்து சீட்டுக் கவர் தைப்பாள். முன்பு அவர் வேலையும் அவள் வேலையும் தனித்தனியாக இருந்தன. இப்போது அவர் சாக்பீஸால் கோடு போடுவார், மற்றது எல்லாம் அவள்.

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்றதும் முதலில் சௌகத் அலியின் தம்பி யாசீன் முன்வந்தான். அவனுக்குச் சர்க்கரை இருந்தது, கழித்துவிட்டார்கள். பிறகு ஹஃபீசாவைப் பார்த்தார்கள். ரத்தம் ஒரே குரூப். மற்ற எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றுதான். கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்கிற ஸ்கேன். எங்கே எடுத்தால் என்ன, சந்திரிகா இருக்கிற இடத்திலேயே எடுக்கலாம் என்று ஹஃபீசா வந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை சிணுங்கிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை அது. சௌகத் அலிக்கு அன்றைக்கு டயாலிசிஸ். அதனால் ஹஃபீசா தனியாகத்தான் வந்தாள். படம் எடுக்கிற அசரியா அவளைப் படுக்க வைத்து, கையில் மருந்து ஏற்றி, உடம்பு சுடும் பயப்படாதீர்கள் என்று சொல்லி, மெஷினுக்குள் அனுப்பினான்.

"இன்னா சந்திரிகா, அடுப்புல ஒக்காந்த மாரி கீது" என்று வெளியே வந்து சொன்னாள் ஹஃபீசா. "அப்பால சரியாயிடுச்சு. ரிப்போர்ட்டு எப்போ குடுப்பீங்க? அவரு அங்க தனியா படுத்துகினு கீறாரு."

வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். சந்திரிகா அவர்களையெல்லாம் தள்ளிவிட்டு ஹஃபீசாவினுடையதை முதலில் எடுத்தாள். அக்கம்பக்கத்து மனுஷிக்கு அந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி. ஆக, நடந்த தப்பு அன்பினால் வந்த அவசரத்தில் பிறந்தது. அதனால் அதன் கனம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஹெட்ஃபோனில் டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், அவள் அடித்துக்கொண்டே போனாள். எட்டு வருஷத்தில் காது கேட்பதும் விரல் அடிப்பதும் நடுவில் மூளையைத் தொடாமலே நடக்கப் பழகியிருந்தன. கவுன்ட்டர் பக்கம் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஹஃபீசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பர்தாவின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசி வரி அடித்து முடித்த நேரத்தில் பன்னிரண்டு மணி கரண்ட் கட். யூ.பி.எஸ். ஒரு தடவை கூவிவிட்டு உயிரை விட்டது. அதைப் புதுசாக மாற்றுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் ஃபைலைத் திறந்தாள். மேலே ஹஃபீசா, வயது முப்பத்தொன்பது. கீழே பக்கம் நிறைய எழுத்து. பிரிண்ட் கொடுத்தாள். பேரைப் போட்டுச் சேவ் செய்தது முன்னால், வரிகளை மாற்றியது பின்னால், மாற்றியதைச் சேவ் செய்யவே இல்லை என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. டாக்டர் காரில் ஏறப் போனவர், அதையும் காலையில் அடித்து முடித்திருந்த மற்ற ரிப்போர்ட்டுகளையும் பானெட்டின் மேல் வைத்து மழைத் தூறல் படாமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் ஹஃபீசா வீட்டில் சேமியா பாயசம். சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டாராம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், எல்லாம் நார்மல். இடது பக்கத்துக் கிட்னியை எடுத்துவிடலாம், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்கக்கூட வேண்டாம், சின்னச் சின்ன ஓட்டை போட்டே எடுத்துவிடலாம் என்றாராம். அடுத்த வாரத்து வியாழக்கிழமை தேதி. சௌகத் அலி நாலு மாசத்துக்கு அப்புறம் சிரித்தார். சந்திரிகாவுக்கு ஏதோ ஒன்று லேசாக உறுத்தத்தான் செய்தது. பாயசம் வாயில் இருக்கும்போது உறுத்தலுக்கு என்ன மரியாதை. விழுங்கிவிட்டாள்.

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், டாக்டர் போன் செய்தார்.

"சந்திரிகா, போன வாரம் ஒரு டோனர் ஸ்கேன் பார்த்தோமே. இடது பக்கம் ரெண்டு ஆர்ட்டரி, ரெண்டாவது சின்னதா கீழ் முனைக்குப் போகும். வெயினும் முன்னாடி வராம அயோர்டாவுக்குப் பின்னாடி போகுது. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து பார்க்கிறது அபூர்வம்மா. ஞாயித்துக்கிழமை டாக்டர்ஸ் மீட்டிங்ல காட்டப் போறேன். அந்த ரிப்போர்ட் ஒரு காப்பி எடுத்து என் டேபிள்ல வை."

வைக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தாள். கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகிற ஆர்ட்டரி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ரத்தம் திரும்பி வருகிற வெயின் முறைப்படி அயோர்டா என்கிற பெரிய குழாய்க்கு முன்பக்கம். அந்த வாரத்தில் வந்த டோனர் ஹஃபீசா ஒருத்திதான். டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கேட்டதுமே அவளுக்கு அந்த வரிகளை அடித்தது ஞாபகம் வந்தது, அடித்த விரல்களுக்கு வந்தது. பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து அசரியாவிடம் சும்மா கேட்பது மாதிரி கேட்டாள். "ஏம்பா, ஆபரேஷன் பண்றவங்க ரிப்போர்ட்டை மட்டுமா பார்ப்பாங்க?"

"ஃபிலிம் குடுக்கறோம்லக்கா. பார்ப்பாங்க" என்றான் அவன். "ஆனா ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டுட்டா எவன் வெளக்கு போட்டு ஃபிலிமைத் தேடறான்? ஏன், இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்ல. கூட ஒரு குழாய் இருந்தா என்ன ஆகும்னு கேட்டேன்."

"கீழ் முனைக்குப் போற சின்னக் குழாய் மாதிரி எதாச்சும் இருந்து தெரியாம கட் பண்ணிட்டா பேஜாரு. ஒன்னுக்கு வர்ற ட்யூபுக்கு ரத்தமே போகாது, அழுகிடும். வெச்ச கிட்னி வேஸ்ட்டு. வெயின் பின்னாடி போச்சுன்னா இன்னும் மோசம். கிழிஞ்சா குடுக்கறவங்களுக்கே ரத்தம் நிக்காது. நம்ம சார் சொல்லிக் கேட்டிருக்கேன்."

சரியான ரிப்போர்ட்டை மறுபடி அடிக்க அவளுக்கு ஆறு நிமிஷம் ஆனது. ஒரு காப்பி எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தாள். இப்போது கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டருக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு தாள் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சாயந்தரம் வீட்டில் ஹரிபிரசாத் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். சந்திரிகா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தினான்.

"சர்ஜன் ஃபிலிம் பார்க்காமயா கை வைப்பாரு? பெரிய டாக்டர், இருபது வருஷம் செஞ்சவரு."

"பார்க்கலன்னா?"

"பார்ப்பாரு சந்திரி. நீயா போய் நான்தான் தப்பு பண்ணேன்னு சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வெளியில எந்த சென்டர்ல உன்னை எடுப்பாங்க? எனக்கு இப்ப வேலை இருந்தா நானே போய்ச் சொல்லுன்னு சொல்லியிருப்பேன். இல்லையே. என்னை என்ன பண்ணச் சொல்ற?" கெட்டவன் இல்லை அவன். மூன்று மாசமாகப் பெண்டாட்டி சம்பளத்தில் காய் நறுக்குகிற மனுஷன் வேறு என்ன சொல்வான்.

"ஒருவேளை அக்காவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, நாம இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் எப்படிங்க படுத்துத் தூங்கறது?"

அவன் கொத்தவரங்காயை மறுபடி எடுத்துக்கொண்டான். சந்திரிகா எழுந்து குஷன் கடைக்குப் போனாள். டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் ஹஃபீசாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வயிறு அவளுடையது. அவளுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும். நியாயமான எண்ணம்தான். ஆனால் நியாயமான எண்ணங்களால் எவ்வளவு சங்கடம் வரும் என்பது சந்திரிகாவுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் ஒரு வேன் சீட்டை முடித்துக் கொடுத்துவிட ஹஃபீசா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பச்சை ரெக்ஸின் மடியிலிருந்து தரை வரை வழிந்தது. ரோட்டில் பஸ்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. சௌகத் அலி வீட்டில் படுத்திருந்தார்.

"அக்கா, உங்க ரிப்போர்ட்ல ஒரு தப்பாயிடுச்சு."

மெஷின் நிற்கவில்லை. "இன்னா தப்பு? பேரு மாறிப் போச்சா?"

சந்திரிகா சொன்னாள். கரண்ட் போனது, ஃபைல், இடது பக்கம் இரண்டு குழாய், பின்னால் போகிற ரத்தக்குழாய், எல்லாம் சொன்னாள். பாதியில் மெஷின் நின்றது. ஹஃபீசா ரெக்ஸினை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்."

"உங்க டாக்டருக்கு?"

"தப்பா பிரிண்ட் ஆனது தெரியாது."

"அப்ப சொல்லாதே."

சந்திரிகாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்றே தெரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க? உங்க உயிருக்கே ஆபத்துக்கா. தெரியாம கத்தி வெச்சா ரத்தம் நிக்காது."

"என் உசுருதானே. நான் பாத்துக்கறேன்." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "அந்த சர்ஜன் மொத நாளே சொல்ட்டாரு. ஒண்ணு ஒண்ணா இருந்தா செய்யலாம், இல்லன்னா யோசிக்கணும்னாரு. யாசீனுக்கும் இதே வார்த்தைதான் சொன்னாரு, யோசிக்கணும்னு. அப்பால கழட்டி வுட்டாங்க. ஆஸ்பத்திரில யோசிக்கணும்னா இல்லன்னு அர்த்தம் சந்திரிகா. என்னையும் கழட்டி வுட்டா அவருக்கு வேற யாரு கீறாங்க? நீ குடுப்பியா?"

சந்திரிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆண்டவன் அல்லாருக்கும் ஒண்ணு வெச்சான். எனக்குக் கூட ஒண்ணு வெச்சுக் குடுத்தான். அது ஒரு குத்தமா?"

"அந்தச் சின்னக் குழாய் அறுந்துட்டா கிட்னி அண்ணனுக்கும் வேலை செய்யாதுக்கா. உங்களுக்கும் போய், அவருக்கும் இல்லாம."

"அறுபடாது. அந்த டாக்டரு கைய நான் பாத்துகீறேன், நல்ல கை." இதைச் சொல்லும்போது ஹஃபீசாவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "தெனம் தண்ணி தண்ணின்னு கேக்கறாரு. ஒரு டம்ளர் தண்ணிய மறைச்சு வெச்சுட்டு இல்லன்னு சொல்றேன் நானு. பதினெட்டு வருசம் வாழ்ந்த புருசனாண்ட தண்ணி இல்லன்னு சொல்ற பொயப்பு உனக்குத் தெரியுமா? வியாழக்கெழம வரைக்கும் வாய மூடிகினு இரு. அவ்ளோதான் கேக்கறேன். உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

சந்திரிகா சத்தியம் பண்ணவில்லை. "யோசிக்கிறேன்க்கா" என்றாள்.

ஹஃபீசா அவளையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினில் நூலைக் கோத்து, தைக்க ஆரம்பித்தாள். சந்திரிகா எழுந்து போனதை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு பையும் ஃபிளாஸ்குமாக அவர்கள் ஆட்டோ ஏறினார்கள். சௌகத் அலி சந்திரிகாவைப் பார்த்துக் கையசைத்து, "துவா பண்ணும்மா, நல்லபடியா முடியணும்னு" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஹஃபீசா ஆட்டோவின் அந்தப் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ராஜகோபாலன் பத்து மணிக்கு வந்தார். சந்திரிகா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், ஆஸ்பத்திரிக்குப் போன ரிப்போர்ட்டை நார்மல் ஃபைலிலிருந்து மறுபடி பிரிண்ட் எடுத்து, அதையும் சரியான ரிப்போர்ட்டையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ராஜினாமாக் கடிதம் ஒன்றும் எழுதி வைத்திருந்தாள், அதையும் வைத்தாள். பேச வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "கரண்ட் போச்சு சார்" என்று மட்டும் வந்தது.

அவர் இரண்டையும் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"ஆபரேஷன் எப்போ?"

"நாளைக்குக் காலைல சார். இடது பக்கம்."

அவர் போனை எடுத்து சர்ஜனுடன் பேசினார். மிஸ்டேக் என்னுடையது என்று இரண்டு முறை சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் அவர் என்ன சொன்னாரோ, இவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குத் தியேட்டர்ல ஃபிலிமை மாட்டிப் பார்த்திருப்பாராம்" என்றார் போனை வைத்துவிட்டு. "பார்த்திருப்பாரோ என்னவோ. யார் கண்டா? வலது பக்கம் ஒழுங்கா இருக்கு, அதை எடுக்கலாம்ங்கிறாரு. ஆனா அந்தப் பக்கம் ஓட்டை போட்டு எடுக்க மாட்டாராம், திறந்துதான் செய்யணும். அந்தம்மாகிட்டப் பேசி மறுபடி சம்மதம் வாங்கணும். நாளைக்கு முடியாது. அடுத்த வியாழன் வேற ஒருத்தருக்கு. அதுக்கு அடுத்த வியாழன்."

சந்திரிகா நின்றுகொண்டே இருந்தாள்.

"இந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு. நீ போயிட்டா என் கையெழுத்து அழிஞ்சுடுமா? படிக்காமப் போட்டவன் நான்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போ. போய் வேலையைப் பாரு."

மறுநாளே புது யூ.பி.எஸ். வந்து இறங்கியது. கேட்டுக் கேட்டு வராதது, கேட்காமல் வந்தது.

டாக்டர் போன் பேசிய புதன்கிழமை சாயந்தரமே ஹஃபீசாவும் சௌகத் அலியும் அதே பையோடு திரும்பி வந்தார்கள். இப்படி ஆகும் என்று தெரிந்து சந்திரிகா வாசலிலேயே நின்றிருந்தாள். சௌகத் அலி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஹஃபீசா நின்றாள்.

"உன் வேலை போவலியே?"

"இல்லக்கா."

"நல்லது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமாகச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அதற்கப்புறம் பேச்சில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிரெதிரே நின்றால் ஹஃபீசா தன் குடத்தை மட்டும் பார்ப்பாள். ஹரிபிரசாத் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினான், உப்பு சேர்க்கிறதில்லை என்று திரும்பி வந்தது. வேலை பிழைத்த சந்தோஷம் அவனுக்கு இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டான். சந்திரிகாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியும் கிடைக்கவில்லை. அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்தான் கேட்டது. முன்பும் அவர் இருமியிருப்பார். இப்போது ஒவ்வொரு இருமலும் அவள் கணக்கில் விழுந்தது. சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

இரண்டாவது வாரம் மழை பிடித்தது. பெய்தது என்று சொல்ல முடியாது, கொட்டிக் கவிழ்த்தது. முடிச்சூர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்தது. சப்வேயில் பஸ் ஒன்று மூழ்கி நின்றது. அந்தத் திங்கள்கிழமை சௌகத் அலி டயாலிசிசுக்குப் போகவே முடியவில்லை. எந்த ஆட்டோவும் வரவில்லை. யாசீன் பைக்கில் வந்து, காம்பவுண்டு வாசலில் முழங்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஸ்கேன் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு சந்திரிகா வீட்டுக்குள் புகுந்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதவு திறந்தது. ஹஃபீசா தலையில் முக்காடுகூட இல்லாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூச்சு விசில் மாதிரி இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஹரியை ஆட்டோ கூப்புடச் சொல்லு" என்றாள். பதின்மூன்று நாளில் முதல் பேச்சு அது.

ஹரிபிரசாத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மெயின் ரோடு வரை தண்ணீரில் ஓடி, ஒரு ஆட்டோக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டிவந்தான். சௌகத் அலியை மூன்று பேருமாகத் தூக்கி நடுவில் உட்கார வைத்தார்கள். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. ஒரு பக்கம் ஹஃபீசா, மறுபக்கம் சந்திரிகா. ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சௌகத் அலி அன்றைக்குப் பிழைத்தார். அந்த வியாழனுக்குப் பதிலாக இன்னும் இரண்டு வாரம் தள்ளி ஆபரேஷனும் நடந்தது. வலது விலாவுக்குக் கீழே ஹஃபீசாவுக்கு ஒரு சாண் நீளத் தழும்பு உண்டு. இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களைத் தவிக்க விட்டு வேடிக்கை பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்த அந்த ஆட்டோவுக்குள் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. தலை முன்னால் தொங்கித் தொங்கி விழுந்தது.

"சானடோரியம் தாண்டிட்டோம்ங்க" என்றாள் ஹஃபீசா அவர் காதில். "இதோ வந்துட்டோம். இழுத்து வுடுங்க மூச்ச."

பிறகு அவருடைய தலைக்கு மேலாகச் சந்திரிகாவைப் பார்த்தாள். முகத்துக்கு நேராக, பதின்மூன்று நாள் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தாள்.

"இவரு போயிட்டாருன்னா மறுமையிலயும் உன்னை மன்னிக்க மாட்டேன் சந்திரிகா."

"சரிக்கா."

"பொயச்சாருன்னா அப்பவும் உன்னாண்ட பேசுவேனான்னு தெரியல. நீ செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் மூஞ்சியப் பாத்தா வயிறு எரியுது. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சௌகத் அலி சந்திரிகா பக்கமாகச் சாய்ந்தார்.

"அத்தெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்றாள் ஹஃபீசா. "இப்ப அவரு வுயாம முதுகப் புடி. நல்லா புடி."

சந்திரிகா அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தாள். அங்கே ஏற்கெனவே ஹஃபீசாவின் கை இருந்தது. அதன் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஹஃபீசா கையை உருவிக்கொள்ளவில்லை.